நெற்றியின் எல்லை

அரபு மொழியின் சொல்வளத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், ஒட்டகத்துக்கும் வாளுக்கும் சிங்கத்துக்கும் அம்மொழியில் உள்ள பெயர்களை எண்ணிக் காட்டுவது நம்மவர் வழக்கம். தலைமயிர் உதிர்வதற்கு அங்கே எத்தனை சொற்கள் உள்ளன என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை. நைசாப்பூரைச் சேர்ந்த இமாம் அபூ மன்ஸூர் அஸ்ஸஆலிபி (ஹிஜ்ரி 350–429, கி.பி. 961–1038) தமது 'பிக்ஹுல் லுகா' என்னும் நூலில் இதற்கெனவே ஒரு சிறு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். நெற்றியின் இரு பக்கங்களிலும் மயிர் பின்வாங்கியவன் 'அன்ஸஃ'. இன்னுஞ் சற்று மிகுந்தால் 'அஜ்லஹ்'. பாதித் தலையை எட்டினால் 'அஜ்லா'. அதனையும் கடந்தால் 'அஸ்லஃ'. ஒன்றுமே எஞ்சாமற் போனால் 'அஹஸ்ஸு'. நாம் 'ஏறுநெற்றி' என்றும் 'வழுக்கை' என்றும் இரண்டு சொற்களில் முடித்துக்கொள்வதை அவர்கள் ஐந்து படிகளாக்கி வைத்தார்கள்.

இந்தப் படிவரிசை சுவையானதுதான். ஆனால் என் கவனத்தை ஈர்த்தது அதன் முடிவில், போகிற போக்கில் சொன்னதுபோல் இமாம் அவர்கள் வைத்துள்ள ஒரு வேறுபாடே. 'ஸலஃ' என்றும் 'கரஃ' என்றும் இரண்டு சொற்கள் உண்டு. இரண்டையும் நாம் 'வழுக்கை' என்றே பெயர்த்துவிடுகிறோம். அவரோ, தோல் இருக்க மயிர் மட்டும் போவது ஸலஃ என்றும், மேல்தோலே கெட்டுப்போவது கரஃ என்றும் பிரித்துரைக்கிறார். இன்றைக்குத் தோல்நோய் மருத்துவர் ஒருவரிடம் மயிர் உதிர்கிறது என்று சென்றால், அவர் முதன்முதலில் ஆராய்வது இதனைத்தான்: வடு விழுந்துள்ளதா, விழவில்லையா? வடு இல்லையேல் மயிர் திரும்புவதற்கு இடமுண்டு. வடு விழுந்துவிட்டால் அந்த இடத்தில் மயிர் முளைப்பதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சொல்லாராய்ச்சிக்காக எழுதப்பட்ட ஒரு நூலில் இந்தக் கோடு இவ்வளவு துல்லியமாகக் கிழிக்கப்பட்டிருப்பதைக் கண்டு நான் வியந்தேன்.

ஸலஃ அரபிகளிடையே இழிவாகக் கருதப்பட்டதில்லை. ஹஜ்ருல் அஸ்வத் கல்லை உமர் (ரலி) அவர்கள் முத்தமிட்டதை அறிவிக்கும் நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு ஸர்ஜிஸ் (ரலி) அவர்கள், கலீபாவை 'அஸ்லஃ' என்றே குறிப்பிடுவதை முஸ்லிம் ஷரீபில் காணலாம். அலீ (ரலி) அவர்களின் தோற்றத்தை வருணிப்போரும் அவர்களுடைய முன்தலையில் மயிரில்லாமையைக் குறிப்பிடுகின்றனர். நெற்றி அகன்றிருப்பதை நல்லடையாளமாகவும், மயிர் நெற்றியில் இறங்கி அடர்ந்திருப்பதைக் குறையாகவும் அரபிகள் கருதினர் என்று அகராதி ஆசிரியர்கள் எழுதிவைத்துள்ளனர்.

கரஃ அப்படியன்று. பனூ இஸ்ராயீல் சமூகத்து மூவரைப் பற்றிய ஹதீஸ் நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்ததே. வெண்குட்டக்காரர், மயிரற்றவர், கண்ணற்றவர் ஆகிய மூவரிடமும் மலக்கு வந்து, அவரவர் வேண்டியதைக் கேட்டு அளித்த வரலாறு அது. அதில் வரும் இரண்டாமவர் 'அஸ்லஃ' அல்லர், 'அக்ரஃ'. மக்கள் தம்மை அருவருத்து ஒதுக்குகிறார்கள் என்பதே அவர் முறையீடு. வெறும் வழுக்கைக்காக எவரும் ஒருவரை ஒதுக்குவதில்லை. தலையில் மஞ்சள் நிறப் பொருக்குக் கட்டி, துர்நாற்றம் வீசி, மயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்து, கடைசியில் பளபளக்கும் தழும்பு மட்டும் எஞ்சும் ஒரு நோய் உண்டு. அதனை அரபு மருத்துவர்கள் 'ஸஅஃபா' என்ற தலைப்பின்கீழ்ப் பேசினர். ஐரோப்பியர் 'ஃபேவஸ்' என்பர். ஒட்டுவாரொட்டியாகிய இந்நோய் கண்டவரைத்தான் மக்கள் ஒதுக்கியிருக்க வேண்டுமென்பது என் கருத்து. சொல்லின் பொருளைச் சரியாகப் பிடித்தால் ஹதீஸில் உள்ள வேதனையும் நமக்குச் சரியாகப் புலப்படுகிறது.

ஸஆலிபி இமாமின் காலத்தவரே இப்னு ஸீனா (கி.பி. 980–1037). 'அல்கானூன்' நூலின் நான்காம் பாகத்தில், அழகு பேணுதலைப் பற்றிய பகுதியை மயிரைக் கொண்டே அவர் தொடங்குகிறார். பெண்களுக்கு ஸலஃ வருவதில்லை, அவர்களுடைய உடலின் ஈரத்தன்மையே அதற்குக் காரணம் என்ற கிரேக்கர் கொள்கையை அவரும் ஏற்றுக்கொள்கிறார். இக்கூற்று பின்னால் பயன்படும் என்பதால் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்க. திட்டுத் திட்டாக மயிர் உதிர்வதை 'தாவுஸ் ஸஃலப்', அதாவது நரிநோய் என்றார்கள். நரிக்குச் சொறி கண்டு மயிர் கொட்டுவதால் இப்பெயர். கிரேக்கரும் நரியின் பெயராலேயே அழைத்தனர். இன்று மருத்துவர்கள் வாயில் புழங்கும் 'அலோபீசியா' என்னும் சொல்லுக்குள் அந்த நரியே இருக்கிறது. நம் யூனானி ஹகீம்களும் இந்தப் பெயரைத்தான் எழுதுவார்கள். நம் பாட்டிமார் 'புழுவெட்டு' என்பார்கள்.

அதனுடன் சேர்த்துப் பேசப்படும் மற்றொன்று 'தாவுல் ஹய்யா', பாம்புநோய். ரோமானியராகிய செல்சஸ் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே இதனை வருணித்திருக்கிறார். பிடரியில் தொடங்கி, இரண்டு விரலகலத்துக்கு மேற்படாத பட்டையாக, மயிரோரத்தை ஒட்டியே காதுகள் வரை ஊர்ந்து, சிலருக்கு நெற்றியில் இரு தலைகளும் ஒன்றுசேரும் வரை செல்லும் என்கிறார் அவர். மயிரோரத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் நோய் ஒன்று உண்டு என்பதற்கு இதனினும் பழைய சான்றை நான் கண்டதில்லை. ஆனால் இது வடுவை உண்டாக்கும் நோயன்று. தோல் அப்படியே இருக்கும். மயிர் திரும்பவும் கூடும்.

நோயுற்ற இடத்தைத் தேய்த்துப் பார்த்து, விரைவில் சிவந்தால் நம்பிக்கை கொள்ளலாம், சிவக்காவிட்டால் கடினம் என்று அரபு மருத்துவர்கள் கற்பித்தனர். தோலில் உயிர்ப்பு எஞ்சியிருக்கிறதா என்று அறியும் சோதனை அது. வெங்காயத்தால் தேய்ப்பது அவர்கள் சொன்ன மருந்துகளில் ஒன்று. இதைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 2002இல் பாக்தாத் மருத்துவர்கள் புழுவெட்டுக்கு வெங்காயச் சாற்றைத் தடவி ஆராய்ந்தனர். ஆறு வாரங்களில் 23 பேரில் 20 பேருக்கு மயிர் முளைத்தது. வெறும் நீரைத் தடவிய 15 பேரில் இருவருக்கே முளைத்தது. சிறிய ஆய்வுதான். அதிலும் அது நரிநோய்க்கு மட்டுமே நடந்தது. வடு விழுந்த தலைக்கு வெங்காயம் உதவும் என்று இதைக் கொண்டு எவரும் வாதிடலாகாது.

கரஃ நோயின் காரணம் 1839இல்தான் வெளிப்பட்டது. ஷோன்லைன் என்னும் ஜெர்மானிய மருத்துவர் அப்பொருக்கை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அது ஒருவகைப் பூஞ்சை என்று கண்டார். ஆனால் காரணம் தெரிந்ததால் மருந்து கிடைத்துவிடவில்லை. அதற்கு முன்பிருந்தே ஐரோப்பாவில், தலையில் கீல் பூசிய துணித்தொப்பியை ஒட்டி, காய்ந்தபின் மயிரோடு பிடுங்கி எடுப்பதே சிகிச்சையாக இருந்தது. பூஞ்சை வேரில் தங்கியிருப்பதால் மயிரைக் களைந்தாலன்றி நோய் தீராது என்பது அவர்கள் கணக்கு. கணக்கு பிழையன்று, அந்தக் குழந்தைகளின் அலறலை அதில் எவரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

பிறகு எக்ஸ் கதிர் வந்தது. 1896இல் வியன்னாவின் ஃபிராய்ண்ட் அக்கதிர் பட்ட இடத்தில் மயிர் உதிர்வதைக் கண்டார். 1904இல் பாரிஸின் சபூரோ அதனை அளந்து செலுத்தும் முறையை வகுத்தார். வலியின்றி மயிர் உதிர்ந்தது, நோயும் தீர்ந்தது. உலகெங்கும் லட்சக்கணக்கான பிள்ளைகளின் தலைகளில் அந்தக் கதிர் பாய்ச்சப்பட்டது.

இதில் பெருந்துயரம் அடைந்தவர்களுள் மொராக்கோ முதலான அரபு நாடுகளிலிருந்து இஸ்ரேலில் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் அடங்குவர். 1948 முதல் 1960 வரை அங்கே அவர்களுக்குக் கூட்டங்கூட்டமாக இச்சிகிச்சை செய்யப்பட்டது. வந்த இடத்தில் மொழி தெரியாத தாய் தந்தையருக்கு என்ன நடக்கிறதென்று விளக்கிச் சொல்பவர் இருக்கவில்லை. பாரூக் மோதான் என்னும் ஆய்வாளர் அவ்வாறு கதிர் பெற்ற ஏறத்தாழ 11,000 பேரைத் தொடர்ந்து கவனித்து, மூளையிலும் தைராய்டு சுரப்பியிலும் கட்டிகள் அவர்களுக்கு மிகுதியாக வருவதை 1974இல் வெளியிட்டார். இழப்பீட்டுக்கான சட்டம் வந்தது 1994இல். நம்முடைய கசப்புகள் எவையாயினும், அந்தப் பிள்ளைகளின் துயரத்தை வரலாறு படிப்பவன் கடந்து போக முடியாது. இத்தனைக்கும், 1939இல் கண்டெடுக்கப்பட்ட கிரிசியோஃபுல்வின் என்ற பொருள் பூஞ்சையை ஒழிக்கவல்லது என்பது 1958இல் தெளிவாகி, மாத்திரையாக வந்தபோது, கதிரும் வேண்டாம் பிடுங்கலும் வேண்டாம் என்றாயிற்று. கரஃ இன்று நம் ஊர்களில் காணவும் அரிது.

கரஃ அரிதாயிற்று, ஆனால் ஸஆலிபி இமாம் கிழித்த கோடு அழியவில்லை. பூஞ்சையே இல்லாமல் தோலை வடுவாக்கி மயிரைத் தின்னும் நோய்கள் உண்டு என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் புரோக் முதலானோர் எழுதினர். அவ்வரிசையில் கடைசியாக அடையாளம் காணப்பட்டவற்றுள் ஒன்று, மயிரோரத்தை மட்டும் பிடிக்கும் நோய். 1994இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஸ்டீவன் கொஸார்டு என்பவர், மாதவிலக்கு நின்ற ஆறு பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களுடைய முன்தலை மயிர் நெற்றியிலிருந்து ஒரே பட்டையாகப் பின்வாங்கிக்கொண்டே சென்றது. மயிர்க்கால்களைச் சுற்றிச் சிவப்பு, பின் வடு. புருவமும் உதிர்ந்தது. 'ஃப்ரண்டல் ஃபைப்ரோசிங் அலோபீசியா' என்பது அதற்கு இன்று வழங்கும் பெயர். அதன்பின் பல நாடுகளிலிருந்தும் செய்திகள் வந்து குவிந்தன. இளம் பெண்களிடமும், குறைந்த அளவில் ஆண்களிடமும்கூட அது காணப்பட்டது.

பெண்களுக்கு ஸலஃ இல்லை என்ற இப்னு ஸீனாவின் கூற்றை இங்கே நினைத்துப் பார்க்கலாம். இப்பெண்களுக்கு வந்தது ஸலஃ அன்று, பொருளால் கரஃ. ஆனால் பார்வைக்கு ஏறுநெற்றி போலவே இருப்பதால், வயதானால் இப்படித்தான் என்று பலரும் ஏமாந்துவிடுகின்றனர்.

என் மூத்த சகோதரியார் அப்படி ஏமாந்தவர்களுள் ஒருவர். ஐம்பத்தாறு வயதில் அவருக்குப் புருவம் மெலிந்தது. பிறகு நெற்றி உயர்ந்தது. கடைகளில் விற்கும் எண்ணெய்கள் ஒவ்வொன்றாக மூன்று ஆண்டுகள் தேய்த்தார். தலையைத் திறந்து காட்டும் வழக்கமில்லாதவர் ஆதலால் எங்களில் எவருக்கும் தெரியாது. ஒருநாள் என்னிடம், "தம்பி, முக்காடு தேய்த்துத் தேய்த்துத்தான் முடி போச்சுன்னு சொல்றாங்களே, மெய்தானா?" என்று கேட்டார். கேட்டது அவர் மட்டுமல்லர். பக்கத்து வீட்டார் முதல் படித்த உறவினர் வரை அவரிடம் அதையே சொல்லியிருந்தனர்.

மெய்யன்று. சிட்னியின் அந்த முதல் ஆறு பேருக்குப் பிறகு இந்நோய் கண்ட பெண்களில் மிகப் பெரும்பாலோர் முக்காடு என்பதையே அறியாத நாட்டினர். காரணம் உடலுக்குள் இருக்கிறது. நம்மைக் காக்கும் வெள்ளணுக்களே மயிர்க்காலைப் பகையென்று கருதித் தாக்குகின்றன. புழுவெட்டிலும் இவ்வாறு தாக்குவது உண்டு. ஆனால் அங்கே தாக்கப்படுவது மயிர்க்காலின் அடிப்பகுதி. இந்நோயிலோ தாக்கப்படுவது அதன் மேற்பகுதி. அங்கேதான் மயிரைப் புதிதுபுதிதாக முளைப்பிக்கும் மூல உயிரணுக்கள் தங்கியிருப்பதை 1990ஆம் ஆண்டளவில் அறிவியலார் கண்டறிந்தனர். விளைந்த பயிரை ஆடு மேய்ந்தால் அடுத்த போகம் உண்டு. விதைநெல்லையே எலி தின்றுவிட்டால் என்ன செய்வது? ஏன் இந்தத் தாக்குதல் தொடங்குகிறதென்பது முழுதும் விளங்கவில்லை. 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மரபணுக்களில் நான்கு இடங்கள் இதனோடு தொடர்புடையவை என்று காட்டிற்று. முகப்பூச்சுகள் மீதும் வெயில் தடுக்கும் களிம்புகள் மீதும் ஐயம் கிளப்பப்பட்டுள்ளது. ஐயம் இன்னும் தீர்ப்பாகவில்லை.

முக்காட்டின்மீது சாட்டப்படும் குற்றத்தை அதனடியில் உள்ள கொண்டைக்கு மாற்றினால், ஓரளவு பொருந்தும். 1907இல் டிரெபிட்ஷ் என்னும் மருத்துவர், கிரீன்லாந்துப் பெண்கள் உச்சியில் மயிரை இறுக்கி முடிவதால் நெற்றியோரத்தில் உதிர்வதை எழுதினார். அது வேறு நோய்; இழுப்பினால் வருவது. துணிக்கடியில் வழுக்காதிருக்க வேண்டுமென்று நம் சிறுமியரின் மயிரை இறுக இழுத்துக் கட்டும் தாய்மார் இதனைக் கருத்திற் கொள்வது நல்லது. தொடக்கத்தில் தளர்த்திக் கட்டினாலே மயிர் திரும்பும். ஆண்டுக்கணக்காக இழுத்துவந்தால் அங்கும் வடு விழும். இரண்டையும் பிரித்தறியும் அடையாளம் ஒன்றுண்டு. இழுப்பினால் உதிரும்போது, கைக்கு எட்டாத குறுமயிர்கள் ஓரத்தில் ஒரு குஞ்சம்போல் எஞ்சி நிற்கும். வடுநோயிலோ அந்தப் பூனைமயிரும் போய்விடும். முன்னே தனித்த ஓரிரு நீண்ட மயிர்கள் மட்டும் அனாதைகள்போல் நிற்கும். புருவம் மெலிதல், மயிர்க்காலைச் சுற்றிச் சிவந்து செதில் காணுதல், அரிப்பு, நெற்றியின் நிறத்தினின்று வேறுபட்டு வெளிறிப் பளபளக்கும் பட்டை ஆகியனவும் அடையாளங்களே. புருவத்தை உயர்த்தினால் விழும் சுருக்கங்கள் எதுவரை செல்கின்றனவோ அதுவரையே பழைய நெற்றி.

சகோதரியாரை நாங்கள் அழைத்துச் சென்ற பெண் மருத்துவர், அரிசியளவு தோலை எடுத்துச் சோதனைக்கு அனுப்பி நோயை உறுதி செய்தார். போன மயிரைத் திருப்பித் தருவதாக அவர் சொல்லவில்லை. இருப்பதைக் காப்போம் என்றார். அவ்வளவுதான் இன்றைய மருத்துவத்தால் உறுதியாக முயலக்கூடியது. ஓரத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுவர். ஹைட்ராக்சிகுளோரோகுவின் மாத்திரை கொடுப்பர். அதை நெடுநாள் உண்பவர் கண் மருத்துவரிடம் விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். டூட்டாஸ்டெரைடு, ஃபினாஸ்டெரைடு என்னும் மருந்துகளும் பயன்படுகின்றன. கருவிலுள்ள ஆண்குழந்தைக்கு அவை தீங்கு செய்யக்கூடும் என்பதால் கருத்தரிக்கும் வயதினருக்கு ஆகா. எந்த மருந்து யாருக்கு என்பதை மருத்துவரே முடிவு செய்யவேண்டும். பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கி விழுங்கும் காரியமன்று இது. மூன்று ஆண்டு எண்ணெய்க் காலத்தில் அவர் இழந்தது ஏறத்தாழ மூன்று விரலகலம். சிகிச்சை தொடங்கிய பின் ஓராண்டில் அரைவிரலும் போகவில்லை.

ஒட்டுமுடி வைத்தால் என்ன என்று மருமகள் ஒருத்தி கேட்டாள். நம் வீடுகளில் இக்கேள்வி எழுந்தால் அன்ஸாரிப் பெண்ணின் ஹதீஸ் நினைவுக்கு வராமல் இராது. மணமான ஓர் இளம்பெண்ணுக்கு நோய் கண்டு மயிர் உதிர்ந்தது. அஸ்மா (ரலி) அவர்களின் அறிவிப்பில் அது அம்மைவகைக் காய்ச்சல். அவளுக்கு வேறு மயிர் சேர்க்கலாமா என்று கேட்கப்பட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கடுமையாகத் தடுத்தார்கள். காய்ச்சலால் உதிர்வது சில மாதங்களில் திரும்ப முளைப்பதே என்பது இன்றைய மருத்துவம். ஆனால் தடைக்குக் காரணம் அதுவே என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை. மனித மயிரைச் சேர்ப்பதற்குத் தடை என்பதில் இமாம்களிடையே கடுமை அதிகம். கம்பளி, பட்டு நூல்களில் பலர் இளகியிருக்கின்றனர். தன் தலையின் மயிர்க்காலையே எடுத்து வேறிடத்தில் நடுவது வேறு. 2007இல் மலேசியாவின் புத்ரஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு மன்றம், நோயால் வந்த குறையைப் போக்கும் சிகிச்சைகளுள் மயிர் நடுதலையும், சிறப்பாகப் பெண்களுக்கு, அனுமதித்துத் தீர்மானித்தது. ஷரீஅத் கதவைத் திறந்த இடத்தில் மருத்துவம் தயங்கி நிற்கிறது. நோய் அடங்கியபின் நட்டாலும் அது மீண்டும் கிளர்ந்து நட்டதையும் தின்னக்கூடும் என்பதால், மருத்துவர் பலர் அவசரப்படுவதில்லை. சகோதரியார் அதை விரும்பவுமில்லை. புருவத்தைப் பற்றித்தான் சிறிது வருந்தினார்.

கடைசியாக அவர் கேட்டது, அத்தனை நாளும் அவர் மனத்தை உறுத்தியிருந்த கேள்வி. ஒளுவில் முகம் கழுவுவது பர்ளு. முகம் என்பது மயிரோரத்திலிருந்து தாடை வரை. மயிரோரமே மேலே போய்விட்டால், எதுவரை கழுவுவது? மூன்று ஆண்டுகளாக அவர் உச்சி வரை கழுவி வந்திருக்கிறார். பனிக்கால சுப்ஹு வேளைகளிலும்!

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது 'மின்ஹாஜ்' நூலில் முகத்தின் எல்லையைச் சொல்லும்போது, மயிர் முளைக்கும் இடம் என்பதோடு 'பெரும்பாலும்' என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே உரையாசிரியர்கள் விளக்கம் எழுதுகின்றனர். நெற்றியில் மயிர் இறங்கி முளைத்தவன் அதையும் முகமாகக் கொண்டு கழுவவேண்டும். அஸ்லஃ ஆனவனுக்கோ மயிர் போன இடம் முகமாகிவிடாது, அது தலையே. நெற்றியின் இரு பக்கத்து ஏற்றங்களும் முகத்தில் சேரா. ஹனபீ நூல்களும் இவ்வாறே வழக்கமான மயிரோரத்தையே எல்லையாகக் கொள்கின்றன. ஆகவே பழைய நெற்றி வரை கழுவினால் பர்ளு நிறைவேறிற்று. வெளிறிய அந்தப் பட்டை தலையைச் சேர்ந்தது. தொழுகையில் அதனை மறைக்கவேண்டும், மஸ்ஹு அதன்மீது செய்தாலும் கூடும்.

பழைய நெற்றி எது என்று எப்படித் தெரியும் என்றார். புருவத்தை உயர்த்தச் சொல்லி, சுருக்கம் முடியும் இடத்தை என் மனைவி விரலால் தொட்டுக் காட்டினாள்.